மரபுக்கு விலை கொடுப்பது யார்?

ஒரு வழக்கம் எத்தனை தலைமுறைப் பழசு என்பது அது நல்ல வழக்கம் என்பதற்குச் சாட்சி ஆகாது. கொடுமைக்கும் வயது உண்டு. அடிமைத்தனத்துக்கும் பரம்பரை உண்டு. ஒரு வழக்கத்தை எடைபோடக் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இதனால் வரும் பெருமை யாருக்கு? இதற்காகப் படும் வலி யாருக்கு? இரண்டையும் ஒரே ஆள் தன் விருப்பத்தோடு ஏற்றுக்கொண்டால், அடுத்தவர் அதில் தலையிட அதிகம் இல்லை. பெருமை ஒருவருக்கும் வலி இன்னொருவருக்கும் போய்ச் சேர்ந்தால், அதற்குப் பண்பாடு என்று பெயர் வைத்தாலும் சமயம் என்று பெயர் வைத்தாலும் அது சுரண்டல்தான்.

இந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு கென்யாவின் கிகுயு மக்களுடைய வரலாற்றைப் படிக்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கென்யா மலையின் தெற்கு, மேற்குச் சரிவுகளில், கியாம்பு, முராங்கா, நியேரி, கிரிநியாகா வட்டாரங்களின் செம்மண் மேடுகளில் வாழ்ந்து வந்த உழவர்கள் இவர்கள். 2019 மக்கள்தொகைக் கணக்கின்படி 81 லட்சம் பேர். கென்யாவின் மிகப் பெரிய இனம். பிரிட்டிஷ் பேரரசை எதிர்த்துக் காட்டுக்குள் போய்ப் போராடிய மாவ் மாவ் இயக்கத்தின் முதுகெலும்பு. தமிழ் வாசகர்கள் அறிந்த கூகி வா தியாங்கோவும், நோபல் பரிசு பெற்ற வங்காரி மாத்தாயும் இந்த மண்ணில் பிறந்தவர்கள். மரபு பற்றிய சண்டையை இவர்கள் திறந்த வெளியில் போட்டார்கள். இரு பக்கமும் கூர்மையான மூளைகள் இருந்தன. எழுத்தில் பதிவும் இருக்கிறது. ஆகவே நாம் ஊகிக்க வேண்டியதில்லை, படித்துப் பார்த்து முடிவுக்கு வரலாம்.

மகள்களின் பெயர், மகன்களின் நிலம்

கிகுயு மக்கள் தங்கள் தோற்றத்தைப் பற்றிச் சொல்லும் கதை இது. ங்காய் என்னும் கடவுள், கிரிநியாகா என்று அவர்கள் அழைக்கும் கென்யா மலையின் உச்சிக்குக் கிகுயு என்ற முதல் மனிதனை அழைத்துப்போய் நாட்டைக் காட்டினார். இன்றைய முராங்கா பகுதியில் உள்ள முகுர்வே வா நியாகதாங்காவில் குடியேறச் சொன்னார். மூம்பி என்ற துணைவியைக் கொடுத்தார். அவர்களுக்கு ஒன்பது மகள்கள்; மகன் இல்லை. மகள்களுக்குக் கணவர்களையும் கடவுளே அனுப்பினார். மொத்தக் கூட்டத்துக்கும் மூம்பியின் பெயர் வந்தது. அந்த மகள்களின் பெயரால் குலங்கள் அமைந்தன. வாஞ்சிரு, வாம்புய், வங்காரி, நியாம்புரா என்ற பெயர்களை இன்றும் நைரோபியின் எந்தப் பள்ளி வருகைப் பதிவேட்டிலும் காணலாம்.

கதை அங்கே முடியவில்லை. ஆரம்பத்தில் பெண்களே ஆண்டார்கள், ஒருத்திக்குப் பல கணவர், ஆண்களுக்குக் கடும் தண்டனைகள் என்று கதை போகிறது. ஆண்கள் கூடிச் சதி செய்கிறார்கள். எல்லாப் பெண்களையும் ஒரே காலத்தில் கருவுறச் செய்து, அவர்கள் எதிர்த்து நிற்க முடியாத மாதத்தில் ஆட்சியைப் பிடிக்கிறார்கள். பிறகு குலப்பெயர்களையும் ஆண் பெயர்களாக மாற்றப் பார்க்கிறார்கள். அப்போது பெண்கள் எழுந்து, பெயரைத் தொட்டால் இனிப் பிள்ளை பெறமாட்டோம் என்கிறார்கள். ஆண்கள் பின்வாங்குகிறார்கள். பெயர் மட்டும் பெண்களுடையதாக நிற்கிறது.

இது நடந்த வரலாறு என்பதற்குச் சான்று கிடையாது. பெண் ஆண்டால் கொடுமைதான் என்று சொல்லிக்கொள்வதற்காக ஆண்கள் சொல்லிவந்த கதை என்றே கொள்ளலாம். ஆனால் அந்தக் கதையே ஒரு பெரிய ஒப்புதலைச் செய்துவிடுகிறது. ஆண் ஆட்சியைக் கடவுள் கொடுக்கவில்லை. மலையிலிருந்து எந்தக் கட்டளையும் வரவில்லை. கர்ப்பிணிகளின் இயலாமையைப் பயன்படுத்தி எடுத்துக்கொண்ட அதிகாரம் அது என்று, அந்த அதிகாரத்தை அனுபவித்தவர்களின் வாயாலேயே வருகிறது. உலகின் பல சமயங்கள் ஆணின் மேலாண்மையை ஆண்டவன் தலையில் கட்டியிருக்கின்றன. கிகுயு கதை அந்தப் பொய்யைச் சொல்லவில்லை. அந்த நேர்மையை மதிக்கிறேன். மதிப்பதால்தான் அடுத்த கேள்வியையும் கேட்கிறேன்: குலத்துக்கு மகளின் பெயர் என்றால், குலத்தின் நிலம் ஏன் மகனுக்கு மட்டும் போனது?

நிலம் தந்தை வழியில் மகன்களுக்கே இறங்கியது. உழுததும் நட்டதும் களை எடுத்ததும் பெரும்பாலும் பெண்கள். 1954-ல் பிரிட்டிஷ் அரசு கொண்டுவந்த ஸ்வின்னர்டன் திட்டத்தின்படி கிகுயு நாட்டில் துண்டு நிலங்களைச் சேர்த்துப் பட்டா கொடுத்தபோது, அந்தப் பட்டாக்களில் பெரும்பாலும் குடும்பத் தலைவன் என்று ஆணின் பெயரே ஏறியது. முன்பு வழக்கத்தின்படி பயிரிடும் உரிமையாவது இருந்த பெண்களுக்கு இப்போது காகிதத்தில் ஒன்றுமில்லை. மற்ற எல்லாவற்றிலும் சண்டையிட்ட வெள்ளை அதிகாரியும் உள்ளூர்ப் பெரியவரும் இந்த ஓர் இடத்தில் சிக்கல் இல்லாமல் ஒத்துப்போனார்கள். 2010-ல் வந்த கென்ய அரசியல் சட்டம்தான், நிலத்தில் பெண்ணுக்கு எதிரான வழக்கங்களை ஒழிப்பதைக் கொள்கையாகவே எழுதி, அரசியல் சட்டத்துக்கு முரணான வழக்காறு எதுவும் செல்லாது என்று அறிவித்தது.

மாற்றமும் மரபுதான்

மரபைத் தொடாதே என்பவர்கள் பெரும்பாலும் தங்கள் மரபை முழுதாக அறியாதவர்கள். கிகுயு சமூகத்தில் அரசர் கிடையாது. பெரியவர்கள் கூடிய கியாமா என்ற சபைகள் முடிவெடுத்தன. ஒரே காலத்தில் சடங்கு முடித்தவர்கள் ஒரே வயதணி. அந்த ஆண்டின் நிகழ்ச்சியே அணிக்குப் பெயராகும். பெரியம்மை வந்த ஆண்டின் அணிக்குப் பெரியம்மையின் பெயர்கூட உண்டு. இதற்கெல்லாம் மேலே இதுயிகா என்ற ஏற்பாடு இருந்தது. மக்கள் இரண்டு பெரும் தலைமுறைப் பிரிவுகளாக, முவாங்கி என்றும் மாய்னா என்றும், மாறி மாறி வந்தார்கள். ஏறத்தாழ முப்பது ஆண்டுக்கு ஒருமுறை ஆளும் தலைமுறை அதிகாரத்தை அடுத்த தலைமுறையிடம் சடங்கோடு ஒப்படைத்துவிட்டு விலக வேண்டும். முன்னொரு காலத்தில் கொடுங்கோலன் ஒருவனை மக்கள் புரட்சி செய்து தூக்கி எறிந்ததன் நினைவே இந்த விழா என்று கிகுயு தலைவர் ஜோமோ கென்யாட்டா எழுதியிருக்கிறார்.

எண்ணிப் பாருங்கள். இந்தச் சமூகம் தன் அரசியலின் அடிக்கல்லாக வைத்தது ஒரு கலகத்தின் நினைவை. பெரியவர்கள் என்றும் ஆளக் கூடாது, புதியவர்கள் வந்து விதிகளைத் திருத்தி எழுத வேண்டும் என்பதே அவர்களின் மரபு. கடைசியாக முழுமையாக நடந்த கைமாற்றம் ஏறத்தாழ 1900-ஐ ஒட்டியது. அடுத்தது 1920-களில் தொடங்கி நிறைவேறாமலே நின்றுபோனது. பிரிட்டிஷ் அரசு நியமித்த தலைவர்களுக்குப் பதவிக்காலமே கிடையாது. அவர்களை இறக்கிவிடும் சடங்கு அரசுக்கு எப்படிப் பிடிக்கும்? இதுயிகா போனபோது எந்தப் பெரியவரும் மக்களைத் திரட்டி, இது போனால் நாம் கிகுயு இல்லை என்று பெரும்போர் தொடுக்கவில்லை.

இறந்தவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய கிகுயு வழக்கப்படி பிணத்தைத் தொடுவது பெரும் தீட்டு. பிள்ளைகுட்டியும் ஆடுமாடும் நிறைந்த பெரியவர்களை மட்டுமே புதைத்தார்கள். மற்றவர்களைப் புதர்க்காட்டில் விட்டுவிடுவார்கள், கழுதைப்புலிகள் முடித்துவிடும். வீட்டுக்குள் உயிர் போனால் தீட்டு என்று, சாகக் கிடப்பவரை உயிரோடு இருக்கும்போதே வெளியே தூக்கிப்போவதும் உண்டு. இன்று? சவப்பெட்டி, பிரார்த்தனை, நாளிதழில் படத்தோடு அறிவிப்பு, சொந்த நிலத்தில் கல்லறை. இரண்டு மூன்று தலைமுறைக்குள் சாவைப் பற்றிய மொத்த நடைமுறையும் தலைகீழாகிவிட்டது. அதனால் மொழி செத்ததா? பெயர்கள் மறைந்தனவா? ஒன்றும் ஆகவில்லை. பிணத்தைப் புதைத்தால் பண்பாடு அழியும் என்று யாரும் பாட்டுக் கட்டி ஊர் ஊராகப் பாடவும் இல்லை. ஏனென்றால் அந்த மாற்றத்தால் எந்த ஆணின் அதிகாரமும் குறையவில்லை.

பாட்டுக் கட்டி ஊர் ஊராகப் பாடியது வேறொன்றுக்காக.

1929

கிகுயு ஆண்களுக்கும் பெண்களுக்கும் இருவா என்ற சடங்கு இருந்தது. ஆண் பிள்ளைக்கு முன்தோல் நீக்கம். பெண் பிள்ளைக்கு அவளுடைய இன்ப உறுப்பையே அறுப்பது. கென்யாட்டா எழுதிய வருணனையில் காட்சி தெளிவாக இருக்கிறது. விடியற்காலைக் குளிரில் சிறுமிகளை ஆற்று நீரில் நிறுத்துகிறார்கள். உடல் மரத்துப்போக வேண்டும். பிறகு ஊர்ப் பொதுவிடத்தில், பரப்பிய இலைகள் மேல் உட்கார வைக்கிறார்கள். சடங்குத்தாய் என்று ஒரு பெண் பின்னால் உட்கார்ந்து தன் கால்களால் சிறுமியின் கால்களைப் பின்னி விரித்துப் பிடிக்கிறாள். சிறுமி வானத்தைப் பார்க்க வேண்டும். கத்திக்காரி வருகிறாள். அறுக்கும்போது முகம் சுளிக்கக் கூடாது, கத்தக் கூடாது, அசையக் கூடாது. அசைந்தால் கோழை, அந்தப் பழி குடும்பத்தையே தொடரும்.

அந்த மௌனம்தான் பிறகு சம்மதம் என்று கணக்கில் எழுதப்பட்டது. கத்தினால் அவமானம் என்று பழக்கிய பிறகு, அவள் கத்தவில்லை பார், அவளுக்கு விருப்பம்தான் என்பது என்ன நியாயம்?

1929-ல் டாக்டர் ஜான் ஆர்தரின் தலைமையில் ஸ்காட்லாந்து திருச்சபை மிஷனும் வேறு சில மிஷன்களும் இந்த வழக்கத்துக்கு எதிராகக் கடும் நடவடிக்கை எடுத்தன. சபையில் தொடர விரும்புகிறவர்கள் பெண் உறுப்பு அறுப்பைக் கைவிடுவதாக உறுதி கொடுத்துக் கைநாட்டு வைக்க வேண்டும். கூடவே இன்னொரு நிபந்தனையும் வந்தது: கிகுயு மத்தியச் சங்கத்தோடு உள்ள உறவையும் விட வேண்டும். அந்தச் சங்கம்தான் பறிபோன நிலத்துக்காகக் குரல் கொடுத்த அரசியல் அமைப்பு. ஒரு சிறுமியைக் கத்தியிலிருந்து காப்பதற்கும், அவளுடைய தகப்பன் தன் நிலத்தைத் திருப்பிக் கேட்பதற்கும் என்ன சம்பந்தம்? சிறுமியின் உடலைப் பணயமாக வைத்து அரசியல் சரணாகதியைக் கேட்டார்கள். அங்கேதான் மிஷன் தன் அறத்தை இழந்தது.

மக்கள் கொதித்தார்கள். சில வாரங்களிலேயே சபைகள் காலியாயின. மிஷனரிகளையும் அரசின் தலைவர்களையும் கேலி செய்யும் முதிரிகு என்ற ஆட்டப்பாட்டு ஊரெங்கும் பரவியது. 1930 தொடக்கத்தில் அரசு அதற்குத் தடை போட்டது. 1930 ஜனவரியில் கிஜாபேயில் ஹல்டா ஸ்டம்ப் என்ற அமெரிக்க மிஷனரிப் பெண் கொலை செய்யப்பட்டார். மிஷனை விட்டு வந்தவர்கள் சொந்தமாகப் பள்ளிகள் கட்டினார்கள். 1939-ல் கிதுங்குரியில் ஆசிரியர் கல்லூரியே தொடங்கினார்கள். ஏழை உழவர்கள் காசு சேர்த்துக் கட்டிய அந்தப் பள்ளிகள் ஆப்பிரிக்காவின் பெருமைகளில் ஒன்று. வெள்ளையன் தயவு இல்லாமல் படிப்போம் என்ற அந்த வைராக்கியத்துக்குத் தலைவணங்குகிறேன்.

ஆனால் அந்த வைராக்கியத்தின் கொடிக்கம்பமாக நடப்பட்டது ஒரு சிறுமியின் காயம். நிலத்துக்காகப் போராட வந்தவர்களுக்கு ஆயிரம் நியாயம் இருந்தது. 1915 நிலச் சட்டம் அவர்களைச் சொந்த மண்ணில் அரசரின் தயவில் இருக்கும் குடிகளாக ஆக்கியிருந்தது. கழுத்தில் அடையாளச் சீட்டு வைத்த உலோகச் சிமிழைத் தொங்கவிட்டுக்கொண்டு வேலைக்குப் போகும் நிலை இருந்தது. இத்தனை நியாயங்கள் இருக்கும்போது, மகள்களை அறுக்கும் உரிமையை ஏன் போராட்டத்தின் அடையாளமாக்க வேண்டும்? ஆணின் நிலம் போயிற்று, ஆணின் மானம் போயிற்று. மிச்சம் இருந்த ஓர் ஆட்சிப் பரப்பு வீட்டுப் பெண்ணின் உடல். அதையும் விடமாட்டோம் என்றார்கள். ஒடுக்கப்பட்டவன் தன் வீட்டுக்குள் ஒடுக்குபவனாக இருக்கக் கேட்ட உரிமைதான் அது. அதைத் தேசியம் என்று எழுதியது வரலாற்றின் பிழை.

கென்யாட்டாவின் கூற்றும் காலத்தின் தீர்ப்பும்

இந்த வழக்கத்துக்குக் கிடைத்த மிகத் திறமையான வக்கீல் ஜோமோ கென்யாட்டா. லண்டனில் மாலினோவ்ஸ்கியிடம் மானுடவியல் படித்து, 1938-ல் தன் மக்களைப் பற்றிய புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். ஆப்பிரிக்கர் ஒருவர் தன் சமூகத்தைத் தானே ஆய்ந்து எழுதி, நாகரிகம் எங்களுக்கும் உண்டு என்று வெள்ளை உலகின் முகத்துக்கு நேரே சொன்ன நூல். அதில் அவர் இரண்டு கூற்றுகளை முன்வைத்தார். அறுப்பு செய்யாத பெண்ணை மணக்க உண்மையான கிகுயு ஆண் எவனும் கனவிலும் நினைக்கமாட்டான் என்பது ஒன்று. இனத்தின் சட்டம், சமயம், ஒழுக்கம் அத்தனையையும் கற்பிப்பதற்கு இந்த அறுப்பே அடிப்படை நிபந்தனை என்பது மற்றொன்று. அதாவது இதை எடுத்துவிட்டால் கட்டடமே சரியும்.

பகுத்தறிவு என்பது ஒரு கூற்றைச் சொன்னவரின் பெருமையைப் பார்க்காமல், நடந்ததோடு ஒப்பிட்டுப் பார்ப்பது. முதல் கூற்றைக் கென்யாட்டாவே நான்கு ஆண்டில் உடைத்தார். 1942-ல் இங்கிலாந்தில் எட்னா கிளார்க் என்ற ஆங்கிலப் பெண்ணை மணந்தார். அது அவருடைய சொந்த வாழ்க்கை, அதில் குற்றம் காண எனக்கு ஒன்றுமில்லை. ஆனால் தனக்குத் தேவைப்படாத விதியை முராங்காவின் பத்து வயதுச் சிறுமிக்கு மட்டும் இனத்தின் உயிர்நாடி என்று சொல்வது எப்படி? அவர் அதனால் கிகுயு அல்லாதவராகிவிடவில்லை. நாட்டின் முதல் குடியரசுத் தலைவரானார்.

இரண்டாவது கூற்றைக் காலம் உடைத்தது. கென்யாவின் தேசிய நலவாழ்வு ஆய்வுகளின்படி, அறுப்புக்கு உள்ளான பெண்கள் 1998-ல் 38 விழுக்காடு, 2014-ல் 21, 2022-ல் 15. கிகுயுப் பெண்களில் 2014 கணக்குப்படி ஏறத்தாழ ஏழில் ஒருவர்தான். இளம் வயதினரிடம் இன்னும் குறைவு. கட்டடம் சரிந்ததா? கிகுயு மொழியில் வானொலி முழங்குகிறது. கூகி தன் பிற்கால நாவல்களை அந்த மொழியிலேயே எழுதினார். முதல் மகனுக்குத் தந்தைவழித் தாத்தாவின் பெயர், முதல் மகளுக்குத் தந்தைவழிப் பாட்டியின் பெயர் என்னும் பெயரிடும் முறை அப்படியே தொடர்கிறது. இது இல்லாவிட்டால் நாம் இல்லை என்று எந்தக் கொடுமையைப் பற்றியும் இனி எவர் சொன்னாலும், இந்தக் கணக்கை நினைவில் வையுங்கள்.

வெள்ளைக்காரன் சொன்னான் என்பதாலா?

இங்கே ஓர் எதிர்ப்பு வரும். பெண்களைக் காக்க வந்ததாகச் சொன்ன வெள்ளையர் யோக்கியர்களா? யோக்கியர்கள் இல்லை. மாவ் மாவ் இயக்கத்தை ஒடுக்க 1952 அக்டோபரில் நெருக்கடி நிலை அறிவித்த அதே ஆட்சி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆப்பிரிக்கர்களைத் தூக்கிலிட்டது. பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை வேலியிட்ட கிராமங்களில் அடைத்தது. 1959 மார்ச்சில் ஹோலா முகாமில் 11 கைதிகளை அடித்தே கொன்றது. சித்திரவதைக்கு ஆளானவர்கள் தொடுத்த வழக்கையொட்டி 2013-ல் பிரிட்டிஷ் அரசு 5,228 பேருக்கு இழப்பீடு கொடுக்கச் சம்மதித்தது. அந்த வழக்கைத் தொடுத்தவர்களில் காவலில் பாலியல் சித்திரவதைக்கு ஆளான கிகுயுப் பெண்ணும் உண்டு. 1929-ல் சிறுமிகளின் உடலுக்காகக் கண்ணீர் விட்ட பேரரசு, 1950-களில் அந்த வயதுப் பெண்களின் உடலை என்ன செய்தது என்பதற்கு நீதிமன்ற ஆவணமே இருக்கிறது.

ஆகவே பிரிட்டிஷாருக்கு அறம் சொல்லித்தரும் தகுதி இல்லை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கத்தி வெட்டுகிறது என்பது வெட்கமில்லாத ஒருவன் சொன்னால் பொய்யாகிவிடுமா? சொன்னவனின் யோக்கியதையை விசாரிப்பது அரசியல். சொன்ன பொருளின் உண்மையை விசாரிப்பது அறிவு. இரண்டையும் செய்ய வேண்டும். முதலாவதைச் செய்துவிட்டு இரண்டாவதிலிருந்து தப்பித்துக்கொள்வது நாணயம் ஆகாது. எதிரி எதிர்த்தான் என்ற ஒரே காரணத்துக்காக ஒன்றைத் தூக்கிப் பிடிக்கிறவன், தன் அறத்தை எழுதும் பேனாவை எதிரியிடமே கொடுத்துவிட்டான்.

ஆண்களுக்கும் வலிதானே என்று இன்னொரு எதிர்ப்பு வரும். ஆணுக்கு நீக்கப்படுவது முன்தோல். பெண்ணுக்கு அறுக்கப்படுவது உறுப்பு. பெண்ணுக்கு இதனால் எந்த உடல்நலப் பயனும் இல்லை, ரத்தப்போக்கு, தொற்று, பேறுகாலச் சிக்கல் ஆகியவையே உண்டு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. இதற்கு மேல் ஒன்று. எந்தப் பிள்ளையின் உடலிலும், ஆணோ பெண்ணோ, அவமான பயத்தைக் காட்டிச் சம்மதம் வாங்கக் கூடாது. ஆணின் வலியைக் காட்டிப் பெண்ணின் வலிக்கு நியாயம் தேடாதீர்கள். இரண்டையும் சேர்த்துக் கேள்வி கேளுங்கள்.

துணிவைக் கற்றுத்தரும் சடங்கு என்பவர்களுக்கு 1922 மார்ச் 16-ஐ நினைவூட்டுகிறேன். காலனி ஆட்சியை எதிர்த்த தலைவர் ஹாரி துக்குவைக் கைது செய்ததை எதிர்த்து நைரோபி காவல் நிலையத்துக்கு முன் கூட்டம் கூடியது. ஆண் தலைவர்கள் பேச்சுவார்த்தை நடத்திவிட்டுக் கலைந்து போகச் சொன்னார்கள். மேரி முதோனி நியாஞ்சிரு என்ற பெண் முன்னே வந்து, தன் ஆடையைத் தலைக்கு மேல் உயர்த்தி, இதை நீங்கள் உடுத்திக்கொண்டு உங்கள் கால்சட்டையை எங்களிடம் கொடுங்கள் என்று ஆண்களைப் பார்த்துக் கேட்டார். பெண்கள் குலவையிட்டு முன்னேறினார்கள். துப்பாக்கிச் சூட்டில் முதலில் விழுந்தவர்களில் அவரும் ஒருவர். அந்தத் துணிவு அநீதியைக் கண்ட கோபத்தில் பிறந்தது. அதற்குக் கத்தியை ஆசானாக்குவது அவருக்குச் செய்யும் அவமரியாதை. இத்தனை துணிந்த பெண்களுக்குக் கிகுயு மத்தியச் சங்கம் உரிய இடம் கொடுக்காததால்தான் 1930-ல் அவர்கள் மூம்பி மத்தியச் சங்கம் என்று தனியாகத் தொடங்கினார்கள்.

பாடம் போனது, கத்தி மிஞ்சியது

இருவா வெறும் அறுப்பு மட்டும் இல்லை என்று கென்யாட்டா சொன்னது உண்மை. அதைச் சுற்றி மாதக்கணக்கில் பாடம் இருந்தது. பாட்டு, ஆட்டம், குலத்தின் வரலாறு, பெரியவர்களிடம் நடக்கும் முறை, உடலைப் பற்றிய வெளிப்படையான பேச்சு எல்லாம் இருந்தன. இளைஞரும் இளம்பெண்களும் எல்லை மீறாமல் நெருங்கிப் பழக ஒரு முறைகூட வகுத்து, அதை மீறினால் தண்டனையும் வைத்திருந்தார்கள். பாலியலைப் பற்றிப் பிள்ளைகளிடம் பேச வாய் கூசாத சமூகம் அது. மிஷன்கள் அந்தப் பாடத்தையும் ஆபாசம் என்று சேர்த்து வெறுத்தன.

பிறகு நடந்ததுதான் கொடுமை. பாட்டு போனது, பாடம் போனது, வயதணி போனது. கத்தி மட்டும் மிஞ்சியது. இன்று கென்யாவில் இது நடக்கும் இடங்களில், சட்டத்துக்குப் பயந்து இன்னும் சின்ன வயதில், கதவைச் சாத்திக்கொண்டு, சில வேளைகளில் மருத்துவப் பணியாளரின் கையாலேயே நடக்கிறது. பாட்டும் இல்லை, படிப்பும் இல்லை. மரபைக் காப்பாற்றுகிறோம் என்றவர்கள் அதில் காப்பாற்றத் தகுந்த பகுதியை விட்டுவிட்டு, விட்டுத் தொலைக்க வேண்டியதை மட்டும் பத்திரப்படுத்தினார்கள்.

வங்காரி மாத்தாய் தன் சுயசரிதையில் சொல்லும் ஒரு மரம் இங்கே பொருந்தும். நியேரி வட்டாரத்தில் இஹிதே ஊரில், வீட்டுக்குப் பக்கத்தில் பெரிய முகுமோ மரம், அத்தி இனம். அது கடவுளின் மரம், அதிலிருந்து சுள்ளிகூடப் பொறுக்காதே என்று அம்மா சொல்லியிருந்தார். மரத்தருகே ஓர் ஊற்று. அங்கே தவளை முட்டைகளை மணிமாலை என்று எண்ணிக் கையில் அள்ளுவாள் சிறுமி வங்காரி. அமெரிக்காவில் படித்துத் திரும்பிய பிறகு பார்த்தால், நிலம் கைமாறி, தேயிலை போட மரத்தை வெட்டிவிட்டார்கள். ஊற்று வற்றிப் போயிருந்தது. ஆழ வேர்விட்டு, நிலத்தடி நீர் மேலே வர வழி செய்த மரம் அது என்பது உயிரியல் படித்த பிறகு அவருக்குப் புரிந்தது.

பழைய நம்பிக்கையே போதும், அறிவியல் எதற்கு என்று இதைக் காட்டிச் சொல்கிறவர்கள் உண்டு. நான் இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் பாடம் வேறு. அந்த மரத்தைக் காத்தது பயம். பயத்தைக் கொடுத்த கடவுள் மாறியதும் காவல் போய்விட்டது. மரத்தை ஏன் வெட்டக் கூடாது என்ற காரணத்தைத் தலைமுறைக்குத் தலைமுறை சொல்லிவைத்திருந்தால், கடவுள் மாறினாலும் காரணம் நின்றிருக்கும். மாத்தாய் அதைத்தான் செய்தார். 1977-ல் பசுமை வளைய இயக்கத்தைத் தொடங்கி, கிராமத்துப் பெண்களுக்கு மண், நீர், விறகு இவற்றின் தொடர்பை விளக்கி, மூன்று கோடிக்கும் மேற்பட்ட மரங்களை நடச் செய்தார். அதற்கு 2004-ல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. 1989-ல் நைரோபியின் உகுரு பூங்காவில் அறுபது மாடிக் கட்டடம் எழுப்புவதை அவர் எதிர்த்தபோது, அன்றைய குடியரசுத் தலைவர் மோய், ஆப்பிரிக்க மரபில் வந்த முறையான பெண் ஆண்களை மதித்து வாயை மூடிக்கொண்டிருப்பாள் என்ற பொருளில் பேசினார். பூங்காவை விழுங்க வந்த கட்டடத்துக்கு எந்த ஆப்பிரிக்க மரபும் குறுக்கே வரவில்லை. பேசிய பெண்ணுக்குத்தான் வந்தது.

அடையாளக் கத்தி எங்கே போய் முடியும்

உடலில் போட்ட குறியை மனிதத் தகுதியாக்கினால், குறி இல்லாதவன் மனிதனாகத் தெரியமாட்டான். 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு கென்யாவில் வெடித்த வன்முறையில் ஆயிரத்து நூறு பேருக்கு மேல் கொல்லப்பட்டார்கள். கிகுயு மக்களும் ரிஃப்ட் பள்ளத்தாக்கில் நூற்றுக்கணக்கில் பலியானார்கள். பதிலடியாக நக்குருவிலும் நைவாஷாவிலும் கிகுயுக் கும்பல்கள் லுவோ ஆண்களைப் பிடித்து, கத்தியாலும் உடைந்த கண்ணாடியாலும் பலவந்தமாக விருத்தசேதனம் செய்தன. அரசு அமைத்த வாக்கி விசாரணை ஆணையம் இதைப் பதிவு செய்தது. லுவோ மக்களிடம் அந்த வழக்கம் இல்லை. அதனால் அவர்களின் தலைவர்கள் ஆளத் தகுதியற்ற சிறுவர்கள் என்று கிகுயு அரசியல்வாதிகள் சிலர் பல பத்தாண்டுகளாக மேடையில் ஏளனம் செய்து வந்தார்கள். ஏளனம் கடைசியில் கத்தியானது. மகளின் உடலில் அவள் விருப்பமின்றிக் குறி போடலாம் என்று ஏற்றுக்கொண்ட மனம், பக்கத்து இனத்தானின் உடலிலும் போடலாம் என்று நினைக்க அதிக தூரம் போக வேண்டியதில்லை.

இனிக் கடைசி எதிர்ப்பு: வயது வந்த பெண் தானே விரும்பினால்? 2017-ல் டாக்டர் டாட்டு கமாவ் என்ற பெண் மருத்துவர், 2011-ல் வந்த அறுப்புத் தடைச் சட்டம் செல்லாது, வயது வந்த பெண்ணின் விருப்பத்தில் அரசு தலையிடக் கூடாது என்று வழக்குத் தொடுத்தார். தனிமனித உரிமையை மதிக்கிற எவரும் இந்த வாதத்தைக் கேலி செய்து தள்ளிவிட முடியாது. 2021 மார்ச்சில் மூன்று நீதிபதிகள் வழக்கைத் தள்ளுபடி செய்தார்கள். அதே 2011 சட்டத்தில், அறுப்பு செய்துகொள்ளாத பெண்ணை இழிசொல்லால் பேசுவதையும் குற்றமாக்கிய பிரிவு ஒன்று இருக்கிறது. அப்படி ஒரு பிரிவு தேவைப்படுகிற சமூகத்தில் விருப்பம் என்ற சொல்லுக்கு எவ்வளவு பொருள் மிஞ்சும்? செய்யாவிட்டால் கல்யாணம் இல்லை, ஊர்ப் பெண்களோடு சரிசமமாக உட்கார முடியாது, மாமியார் வீட்டில் வசை என்ற நிலையில் வரும் சம்மதம், கடன்காரன் வாசலில் நிற்கும்போது போட்ட கையெழுத்து. கூகியின் ஆரம்ப நாவல் ஒன்றில் கிறிஸ்தவப் போதகரின் மகள் முதோனி, தன் இனத்தில் முழுப் பெண்ணாக வேண்டும் என்று வீட்டை மீறிப் போய்ச் சடங்கு செய்துகொண்டு இறந்துபோகிறாள். முழுமைக்கு வேறு வாசலே அவளுக்குத் திறந்திருக்கவில்லை. வாசல்களை அடைத்தவர்களே, அவள் நடந்து போனாள் பார் என்று காட்டக் கூடாது.

வேறு வாசல் திறக்க முடியும் என்பதற்கும் அந்த மலையடிவாரமே சாட்சி. கிகுயு மக்களின் உறவினமாகிய தராகா மக்களிடம், 1996-ல் மயென்டெலேயோ யா வனவாகே என்ற மகளிர் அமைப்பு ஒரு மாற்றுச் சடங்கைத் தொடங்கியது. சிறுமிகள் ஒரு வாரம் ஒன்றாகத் தங்கிப் பாடம் கேட்கிறார்கள். உடலைப் பற்றி, திருமணத்தைப் பற்றி, பெரியவர்களின் அனுபவத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். கடைசி நாள் ஊர் கூடிப் பாட்டு, ஆட்டம், பரிசு. கத்தி கிடையாது, அறுப்பதற்குப் பதில் அறிவுரை. எங்கும் இது முழு வெற்றி பெற்றுவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் பாடத்தையும் கத்தியையும் பிரிக்கவே முடியாது என்ற கென்யாட்டாவின் வாதத்துக்குக் கிராமத்துத் தாய்மார்கள் கொடுத்த பதில் இது.

தன் மகளை இந்தத் தலைமுறையில் அறுக்காமல் விட்ட கிகுயுத் தாய் எவருக்கும் சிலை இல்லை. மாமியாரின் பேச்சையும் அண்டை வீட்டின் ஏளனத்தையும் தாங்கிக்கொண்டு, லட்சக்கணக்கான தாய்மார் அதைச் செய்திருக்கிறார்கள். கென்யாவில் 38 விழுக்காடு 15 ஆனதற்கு அவர்களும் ஒரு காரணம். காட்டில் துப்பாக்கி ஏந்தியவர்களின் வரிசையில் வைக்க வேண்டியவர்கள் அவர்கள். ஒரு மக்களின் விடுதலையைக் கொடி ஏறிய தேதியை வைத்து மட்டும் கணக்கிடாதீர்கள். ஒரு சிறுமி வேண்டாம் என்று சொன்னால், அந்த ஒரு சொல்லுக்கு ஊர்ச்சபையின் தீர்மானத்தைவிட அதிக எடை இருக்க வேண்டும். அந்த எடையைக் கொடுக்க மறுக்கும் சமூகத்தில் வந்த விடுதலை, பாதிப் பேருக்கு மட்டும் வந்த விடுதலை.